பாதி கேட்ட குரல்

"என்னத்தடி அழிச்ச? அதச் சொல்லு மொதல்ல."

"மாமி, நான் ஒன்னையும்—"

"ஒன்னையும் அழிக்கலேன்னு வாயத் தொறந்துராத! வக்கீலு போனப் போட்டுச் சொல்லுறாரு, மதுரையில மிசினே சொல்லுதாம், நீ மட்டும்—"

"அழிக்கலேன்னு நான் எங்கன சொன்னேன்? சொல்ல விட்டாத்தானே—"

"இந்தா விட்டேன், சொல்லு! எம்புள்ள ஒனக்கு அனுப்புனதுல ஊரறியக் கூடாதது என்னடி இருந்துச்சு?"

அடுப்படியில் ஏதோ ஒரு சட்டி உருண்டு போய்ச் சுவரில் முட்டி நின்ற சத்தம் மட்டும் வந்தது. எறிந்ததா, கை தவறியதா, தெரியவில்லை.

அறைக்குள் நஸீஹா ஹெட்போனை ஒரு காதிலிருந்து விலக்கியபடி உட்கார்ந்திருந்தாள். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டுதான் வேலை பார்க்க வேண்டும் என்பது கம்பெனியின் சட்டம். பெற்ற தாயானாலும் மடிக்கணினித் திரையைப் பார்க்கக் கூடாது. ஆனால் தேவிபட்டினத்து வீட்டுக் கதவு எந்தக் கம்பெனிச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது? உம்மா ஹமீதா பானுவின் குரல் கதவைத் துணித்திரை மாதிரி ஒதுக்கிக்கொண்டு உள்ளே வந்தது.

"நஸீ! அந்தப் பொட்டிய மூடிட்டு வெளிய வா! ஊரான் வீட்டுக் கதையெல்லாம் ஒனக்கு அத்துப்படி. சொந்த வீட்டுல ஒங்க மதினி பண்ணி வச்சிருக்க வேலையப் பாரு!"

திரையின் மூலையில் பச்சையாக இருந்த பொட்டு மஞ்சளாகியிருந்தது. கை கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தால் அப்படி மாறிவிடும். சென்னையிலிருந்து மேற்பார்வை பார்க்கும் கலைச்செல்வி உடனே எழுதிவிட்டாள்: 'நஸீஹா, இருக்கியா?'

'இருக்கேன்' என்று தட்டிவிட்டு அவள் எழுந்தாள்.

நஸீஹா பார்ப்பது வக்கீல் வேலையும் இல்லை, குமாஸ்தா வேலையும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஒன்று. சீமையில் இரண்டு கம்பெனிகளுக்குள் வழக்கு வந்தால், இரண்டு பக்கத்து ஆட்களின் மின்னஞ்சலையும் போன் பேச்சையும் அப்படியே அள்ளிக்கொண்டு வந்து கொட்டிவிடுவார்கள். கரைவலை இழுத்ததும் பொம்பளைகள் குவியலைச் சுற்றி உட்கார்ந்து, சூடை தனி, நண்டு தனி, கழிசல் தனி என்று பிரிப்பார்களே, அதே வேலைதான். மீனுக்குப் பதில் அடுத்தவர் பேச்சு. ஒவ்வொன்றையும் திறந்து படித்து, திரையின் ஓரத்தில் இருக்கும் பட்டன்களில் ஒன்றை அமுக்க வேண்டும். வழக்குக்குத் தொடர்புள்ளது, தொடர்பில்லாதது, வக்கீலும் கட்சிக்காரரும் பேசிக்கொண்ட ரகசியம். தொடர்புள்ளது என்று அமுக்கினால் அது எதிராளி கைக்கே போய்ச் சேரும். அதனால் கண் பிசகக் கூடாது.

ராமநாதபுரத்தில் காலேஜ் முடித்துவிட்டுச் சென்னைக்குப் போய் இந்த வேலையைக் கற்றுக்கொண்டவள். கொரோனா வந்தபோது கம்பெனி எல்லாரையும் வீட்டிலிருந்து பார்க்கச் சொன்னது. அதற்குப் பிறகு அவள் திரும்பிப் போகவேயில்லை. வாப்பா இல்லாத வீடு. அண்ணன் தாஹா காக்கா அப்போது வளைகுடாவில். உம்மாவுக்குத் துணையும் ஆச்சு, வேலையும் ஆச்சு.

வேலையைப் பற்றி வெளியே வாய் திறக்க மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுத்தான் சேர்ந்திருந்தாள். ஆனால் பேர் சொல்லாமல் சொன்னால் என்ன குற்றம்? போன ஹஜ்ஜுப் பெருநாளுக்கு தாஹா லீவில் வந்திருந்தான். பிரியாணி சாப்பிட்டு எல்லாரும் கூடத்துப் பாயில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த நேரம்.

"ஒரு பெரிய மேனேஜரு உம்மா. நாலு நாட்டுல கம்பெனி. அவரு பொண்டாட்டிக்கு எழுதுறாரு, 'என் முயல்குட்டியே, ஒன் காத என்னைக்குக் கடிப்பேன்'னு!" என்று நஸீஹா தலைக்கு மேல் இரண்டு விரலை நீட்டி முயல் காது காட்டினாள். "எங்க டீமே விழுந்து விழுந்து சிரிச்சது. மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல ஆளுக்கு ஆளு முயல்குட்டின்னுதான் கூப்புட்டுக்கிட்டோம்."

தாஹாவுக்குப் புரையேறிவிட்டது. "ஏ நஸீ, புருசன் பொண்டாட்டி பேசுறதுக்கு ஒங்கட்ட எந்தப் பட்டன்?"

"தொடர்பில்லாதது! அமுக்கிட்டு அடுத்ததுக்குப் போயிருவோம். ஆனா முழுசாக் கேட்டுட்டுத்தான். நடுவுல வழக்கு விசயம் ஏதாச்சும் ஒளிஞ்சிருந்தா?"

"சீ, என்ன பொழப்புடி இது," என்றாள் உம்மா, சிரித்துக்கொண்டே.

தாஹாவின் மனைவி சஃபாவும் சிரித்தாள். கல்யாணமாகி இரண்டாவது லீவு அது அவளுக்கு. சிரித்து முடித்துவிட்டுக் கேட்டாள்: "அவுகளுக்குத் தெரியுமா நஸீ, நீங்க படிக்கிறது?"

"எவுக? முயல்குட்டிக்கா? யாரு போய்ச் சொல்லப் போறா?"

அந்தப் பெருநாள் கழிந்து தாஹா விமானம் ஏறினான். திரும்பி வரவில்லை.

கப்பல் பட்டறையில் வேலை அவனுக்கு. பழுதுக்கு வரும் கப்பலின் அடித்தொட்டிக்குள் இறங்கித் துரு சுரண்ட வேண்டும். இறங்குவதற்கு முன் உள்ளே காற்று நல்லதா கெட்டதா என்று மிஷின் வைத்துப் பார்க்க வேண்டும். மேலே தொட்டியின் வாய்ப்பக்கம் ஓர் ஆள் காவல் நிற்க வேண்டும். ஒருநாள் தாஹா இறங்கினான், ஏறவில்லை. உடலைக்கூட அனுப்பாமல் மையத்தை அங்கேயே அடக்கிவிட்டார்கள். இங்கே முகம் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

கம்பெனி எழுதியது இதுதான்: அனுமதி இல்லாமல் அவராகவே இறங்கினார், வீட்டு விஷயமாக மனம் உடைந்திருந்ததாகத் தெரிகிறது.

இந்த ஒரு வரி கடல் தாண்டி ஊருக்குள் வந்ததும் அதற்குக் கால் முளைத்தது. அங்கே கூட வேலை பார்த்தவன் இங்கே தன் பெண்டாட்டியிடம் சொல்ல, அவள் தண்ணீர்க் குழாயடியில் சொல்ல, பள்ளிவாசல் தெருவைத் தாண்டுவதற்குள் 'தாஹா தன்ன மாய்ச்சுக்கிட்டானாமே' என்று ஆகிவிட்டது. துஆச் செய்ய வந்த பெரியவர்கள் கூடக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். தன் உயிரைத் தானே முடித்தவன் என்றால் அவனுக்காகக் கையேந்தவே மனிதர்கள் தயங்குவார்கள். உம்மா வக்கீலிடம் முதல் நாளே சொல்லிவிட்டாள்:

"அவுக குடுக்குறதக் குடுக்கட்டும், குடுக்காமப் போகட்டும் தம்பி. எம்புள்ள தானாச் சாகல, இவுகதான் எறக்கிவிட்டாகன்னு ஒரு வரி வாங்கித் தாங்க. நான் அதப் பள்ளியாசல்ல வாசிக்கச் சொல்லணும்."

அந்த ஒரு வரிக்கு ஒரே ஒரு சாட்சி இருந்தது.

மூன்றாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடிந்து கூட்டம் கலைந்ததும், சஃபா நஸீஹாவை அறைக்குள் இழுத்துப்போய்த் தன் போனை அவள் காதில் வைத்தாள். தாஹாவின் குரல். இரும்பை இரும்பால் அடிக்கும் சத்தம் பின்னால்.

"சஃபா, இன்னைக்கும் காத்துப் பாக்குற மிசினு வரல. மின்னக்கூட்டியே சொன்னேன்ல, அதே கததான். சூப்பர்வைசரு, நேத்துப் பாத்ததுதானடா, சும்மா எறங்குங்குறான். மேல நிக்கிறதுக்கும் ஆளு இல்ல. எறங்கலேன்னா ஊருக்கு ஏத்தி விட்டுருவேங்குறான். என்ன செய்ய? எறங்கத்தான் போறேன். சரி அத விடு, ஏ புள்ள, நேத்து நீ—"

அந்த இடத்தில் சஃபா போனைப் பிடுங்கிக்கொண்டாள். மிச்சத்தை நஸீஹா கேட்கவில்லை. கேட்கத் தோன்றவும் இல்லை. கிடைத்தது போதும் என்றிருந்தது. தாஹாவின் போனைத் தேடினோம், தொலைந்துவிட்டது என்று கம்பெனி கைவிரித்த பிறகு, உலகத்தில் அந்தக் குரல் இருந்த ஒரே இடம் சஃபாவின் போன்தான்.

வேறொருத்தி என்றால் அந்த நிமிஷமே அண்ணன் தம்பி, மச்சான் மாமன் என்று பத்துப் பேருக்கு அனுப்பியிருப்பாள். நஸீஹா படித்தவள். எதையும் தொடாதே, திறக்காதே, நகல் எடுக்காதே, எடுக்க வேண்டியவர் வந்து முறையாக எடுக்கும்வரை இருந்தது இருந்தபடி இருக்கட்டும் என்று அவளுக்கு வருஷக்கணக்காகப் பாடம். போனை அணைத்தாள். ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, வாயை ஒட்டி, மேலே தேதி எழுதி, தன் பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

"யாரும் கை வைக்கக் கூடாது. நானும் கை வைக்க மாட்டேன்," என்றாள். அன்று அதில் அவளுக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

வக்காலத்தில் கையெழுத்துப் போட உம்மாவும் அவளும் ராமநாதபுரம் போன பகலில், புருஷனுக்காக இத்தா இருந்து வெளியே போகக் கூடாத சஃபா மட்டும் வீட்டில் இருந்தாள். பீரோச் சாவி எப்போதும் போல ஆணியில் தொங்கியது. மறுபடி ஒட்டியது தெரியாமலே அந்த உறை அதற்குப் பிறகு வக்கீல் வழியாக மதுரைக்குப் பரிசோதனைக்குப் போனது.

உம்மா சத்தம் போட்டதற்கு மறுநாள், ஜும்ஆ முடிந்து வக்கீல் யோகேஸ்வரன் நேரில் வந்தார். கச்சான் காற்று தெருவையே மணலாக்கிக்கொண்டிருந்த வெயில். கடலுக்குள் இருக்கும் நவபாஷாணக் கோயிலுக்குத் திதி கொடுக்க வந்த வேன்கள் தெருமுனையை அடைத்துக்கொண்டதில் வண்டியை எங்கோ நிறுத்திவிட்டு நடந்து வந்திருந்தார். கூடத்தில் நாற்காலி போட்டார்கள். நடுவாசல் திரைச்சீலையை இழுத்துவிட்டு அதற்குப் பின்னால் சஃபா உட்கார்ந்தாள். புருஷனை இழந்து நாலு மாசம் பத்து நாள் ஆகும்வரை அந்நிய ஆண் முகத்தில் விழிக்கக் கூடாது. அவள் கால்விரல்கள் மட்டும் திரைக்கு அடியில் தெரிந்தன.

"டீ போடட்டுமா தம்பி?"

"வேணாம்மா, தண்ணி போதும். உக்காருங்க." செம்பை வாங்கி அண்ணாந்து குடித்துவிட்டுத் துண்டால் வாயைத் துடைத்தார். "மதுரைக்காரர் போனை முழுசாப் பிரதி எடுத்துட்டாரு. தாஹா அனுப்புனது எழுத்தா இருக்குறதெல்லாம் அப்படியே இருக்கு. சாப்புட்டியா, தூங்குனியா, அந்த மாதிரி. வாய்ஸ் ஒன்னுகூட இல்ல. எல்லாம் ஒரே மத்தியானத்துல அழிச்சது. அழிச்ச தடம் இருக்கு, அழிஞ்சது இல்ல."

"திருப்பி எடுக்க முடியாதா?" என்றாள் உம்மா. "நஸீ, ஒங்க ஆபீசுல எடுப்பாகன்னு சொல்லுவல்ல?"

"எல்லா நேரமும் வராதும்மா," என்றாள் நஸீஹா. "போனுல எடம் இல்லேன்னு மதினி பேக்கப்பையும் நிறுத்தி வச்சிருந்துருக்கு."

யோகேஸ்வரன் அவள் பக்கம் திரும்பினார். "நீங்க ஒரு காப்பிகூட எடுத்து வைக்கலியாம்மா?"

"எடுக்கக் கூடாதுன்னு சார். ஒருத்தர் கையும் படாம இருந்தாத்தான் நம்புவாக."

"அது சரிதான்." அவர் செம்பைக் கீழே வைத்தார். "எங்கிட்ட வர்ற கட்சிக்காரங்க இருக்காங்களே, கமுதிப் பக்கத்து ஆளுக, கையில ஒன்னு சிக்குனா ஊருக்கெல்லாம் ஃபார்வர்ட் பண்ணிட்டுத்தான் எங்கிட்டயே வருவாங்க. வாய் வலிக்கத் திட்டுவேன். நீங்க ஒரே ஒரு தடவ அவங்க மாதிரி இருந்துருக்கக் கூடாதா?"

நஸீஹா காலிச் செம்பை எடுத்துக்கொண்டாள்.

"இப்ப அந்தப் பக்கம் என்ன கேப்பான்னா," என்று அவர் குரலைக் கூட்டினார், திரைக்குக் கேட்கும்படியாக, "புருசன் செத்த பிற்பாடு பொண்டாட்டி எதுக்கு அம்புட்டையும் அழிச்சான்னு கேப்பான். சண்ட நடந்துருக்கு, அதுல மனசு ஒடஞ்சு எறங்கிட்டான், அத மறைக்கத்தான் அழிச்சாம்பான். அவன் எழுதுன வரிக்கு நாமளே சாட்சி குடுத்த மாதிரி ஆயிரும்."

"கேட்டியாடி?" உம்மா திரையை நோக்கித் திரும்பினாள். "கேட்டியா? எம்புள்ளைய அவன் ஒரு தரம் கொன்னான், நீ ஒரு தரம்!"

"அம்மா, கொஞ்சம் இருங்க. தங்கச்சி, நான் கேக்குறது உங்களுக்குக் கேக்குதா?"

"கேக்குது," என்றது திரை.

"ஒரு வழிதான் இருக்கு. நீங்க சத்தியம் பண்ணி எழுதிக் குடுக்கணும். அந்த வாய்ஸ்ல என்னென்ன இருந்துச்சு, முழுசா. எதுக்காக அழிச்சீங்க, அதுவும். நஸீஹாம்மா பாதி கேட்டிருக்காங்க, ஆனா அவங்க கூடப் பொறந்தவங்க, அந்தச் சாட்சி தனியா நிக்காது. நீங்க சொல்றதோட சேந்தா நிக்கும். அவங்க வக்கீல் உங்களக் குறுக்க கேப்பாரு. அப்ப முழுசும் சொல்லணும். பாதிய முழுங்குனா மீதியும் போச்சு."

திரைக்கு அடியில் தெரிந்த கால்விரல்கள் மடங்கின.

"சொல்லும்மா," என்றார் மறுபடி.

"முழுசுமா?"

"முழுசும்."

யோகேஸ்வரன் பொறுத்துப் பார்த்தார். பிறகு எழுந்தார். "நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள சொல்லி விடுங்க. அதுக்கு மேல எங்கிட்டயும் நாள் இல்ல."

அவர் போனதும் உம்மா கத்துவாள் என்று நஸீஹா நினைத்தாள். கத்தவில்லை. தாஹா வாங்கிக் கொடுத்திருந்த தஸ்பீஹ் மணியைக் கையில் சுற்றிக்கொண்டு, ஓதாமல் உட்கார்ந்திருந்தாள். குரல் தணிந்துபோயிருந்தது.

"நஸீ, அதுல ஒன்னு எனக்குன்னு அனுப்புனான். எம்போனு ஒடஞ்சு கெடந்துச்சுல்ல அப்ப. 'உம்மாட்டக் குடு'ன்னுட்டு, 'உம்மா, மருந்து சாப்புட்டியா, ஊறுகா தின்னாத'ன்னு. அதுவும் போயிருச்சா?"

"போயிருச்சும்மா."

"எந்த மிசினுலயும் இல்ல?"

"இல்ல."

"மையத்தும் வரல. கொரலுமா போச்சு?" என்று கேட்டுவிட்டு உம்மா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். ஊறுகாய் தின்னாதே என்று சொல்ல இனி ஆள் கிடையாது.

நஸீஹா அறைக்குப் போய் மடிக்கணினியைத் திறந்தாள். கை பட்டன்களின் மேல் போனது, நின்றது. நோன்புக்கு முன்னால் வந்த ஒரு வழக்கு நினைவுக்கு வந்தது. எங்கோ குளிர்நாட்டில் லாரி ஓட்டி இறந்த ஒருவனின் மனைவி. அவள் போனிலும் இப்படித்தான், ஒரு மாதத்துப் பேச்சு துடைத்த மாதிரி இல்லை. நஸீஹாதான் முதலில் கண்டுபிடித்தாள். 'தனக்குப் பாதகமானதை மறைத்திருக்கலாம்' என்று குறிப்பு எழுதினாள். கலைச்செல்வி எல்லார் முன்னாலும் 'சபாஷ் நஸீஹா, கழுகுக் கண்ணு' என்று பாராட்டினாள். அந்தப் பெண் எதற்காக அழித்தாள் என்று நஸீஹா ஒரு நிமிஷம் யோசித்தவள் இல்லை.

பொட்டு மஞ்சளானது. இந்தத் தடவை அவள் பதில் எழுதவில்லை. பெட்டியை மூடினாள்.

கொல்லையில் சஃபா அரிவாள்மனையில் உட்கார்ந்து நண்டு கழுவிக்கொண்டிருந்தாள். காலையில் வாங்கியது, வக்கீல் வந்த களேபரத்தில் கிடந்துவிட்டது. ஓட்டைப் பிளந்து, செவுளைக் கிள்ளி எறிந்து, காலை ஒடித்து, கழுவிச் சட்டியில் போட்டாள். கடலிலிருந்து பாசி அழுகிய வாடை காற்றோடு வந்தது. திதி கொடுக்க வந்தவர்களுக்காக ஒலிபெருக்கியில் யாரோ வரிசையில் வரச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நஸீஹா எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு நண்டை எடுத்தாள்.

"விடு நஸீ, கையக் கிழிச்சுக்குவ. தட்டச்சுக் கையி."

"நண்டு ஆணமா?"

"மாமிக்கு ரசம் மாதிரி வச்சாத்தான் எறங்கும். நேத்துலருந்து ஒன்னும் திங்கல. பாவம்."

"ஒன்னைய அம்புட்டுத் திட்டுது. அதுக்கு நண்டு ரசமா?"

"புள்ளையப் பெத்தவ. திட்டாம?"

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஓடு உடைத்தார்கள்.

"மதினி. கையெடுத்துக் கேக்குறேன். அன்னைக்கு நான் கேட்டதுதான். சூப்பர்வைசரு எறங்கச் சொன்னான்னு காக்கா வாயாலயே சொன்னாக. அத ஏன் மதினி அழிச்ச? மத்தத அழிச்சாலும் அந்த ஒன்ன விட்டுருக்கலாம்ல?"

சஃபா கழுவிய நண்டையே மறுபடி கழுவினாள்.

"விடணும்னுதான் ஒக்காந்தேன். ஒவ்வொன்னாக் கேட்டேன் நஸீ. வேல விசயத்த வச்சிக்கிட்டு மத்தத அழிச்சிரலாம்னு. பிரிக்கவே முடியல. அவுகளுக்கு அப்பிடித் தனித்தனியாப் பேசத் தெரியாது. மிசினு வரலம்பாக, மூச்சு முட்டுதும்பாக, அந்த மூச்சுலயே ஆரம்பிச்சிருவாக. ஒங்காதுல விழுந்துச்சுல்ல, 'அத விடு, ஏ புள்ள'ன்னு? அதுக்குப் பொறவு என்ன இருந்துச்சுன்னு நெனைக்கிற?"

நஸீஹா கையிலிருந்த நண்டின் காலை ஒடித்தாள்.

"கல்யாணம் முடிஞ்சு அவுக எங்கூட இருந்தது ரெண்டு லீவு. மத்ததெல்லாம் அந்தப் போனுக்குள்ளதான். சண்ட, சிரிப்பு, கோவம், படுக்க, எல்லாம். எங்குடித்தனமே அதுக்குள்ளதான் நடந்துச்சு. அந்தத் தொட்டிக்குள்ள எறங்குறதுக்கு மின்ன கடசியா ஒரு மனுசன் பொண்டாட்டிட்டப் பேசுன பேச்சு அது. என்ன ஆசையில பேசுனாகன்னு அல்லாவுக்கும் எனக்குந்தான் தெரியும். அத ஒருத்தி காதுல மாட்டிக் கேட்டுட்டு, முழுசாக் கேட்டுட்டு, பட்டன அமுக்கிட்டு, மத்தியானம் சோறு திங்கையில—"

அவள் நிறுத்தினாள். இரண்டு விரலைத் தலைக்கு மேல் தூக்கவில்லை. தூக்கியிருந்தால்கூட நஸீஹாவுக்கு அத்தனை வலித்திருக்காது.

"மதினி, அது... நான் சும்மா வெளாட்டுக்கு..."

"ஒன்னையக் குத்தம் சொல்லல. நானும்தான் சிரிச்சேன். அவுக எம்புட்டுச் சிரிச்சாக அன்னைக்கு! அந்த முயல்குட்டிக்காரிக்கு என்ன வயசு இருக்கும் நஸீ?"

"தெரியல."

"அவளுக்குப் புருசன் இருக்கானா?"

"தெரியல மதினி."

ஒலிபெருக்கிக்காரர் மறுபடி வரிசையைச் சரி பண்ணினார். கூடத்துக்குள்ளிருந்து உம்மா இருமும் சத்தம் கேட்டது.

நஸீஹா கையிலிருந்த நண்டை வைத்துவிட்டு நகர்ந்து உட்கார்ந்தாள். அவசரமாகப் பேசினாள். "கேளு. அந்த மாதிரி எடத்த மறைக்கிறதுக்கு வழி இருக்கு. வாய்ஸ்ல அந்தப் பாகத்த மட்டும் வெட்டிட்டுத்தான் எதிராளிக்குக் குடுப்பாக. அன்னைக்கே நீ எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருந்தா. இப்பயும் ஒன்னும் கெட்டுப் போகல. அதையே எழுதிக் குடுப்போம். அந்தரங்கமா இருந்துச்சு, கூச்சத்துல அழிச்சேன்னு நீ சொல்லு. அவுக கேக்கும்போது என்ன இருந்துச்சுன்னு ஒரு தடவ, ஒரே ஒரு தடவ சொல்லிரு. எழுதுறதும் மறைவாத்தான் இருக்கும். காக்கா பேரு மிஞ்சும் மதினி. பள்ளியாசல்ல வாசிப்பாக."

"வெட்டுறதுக்கு மின்ன யாராச்சும் கேக்கணும்ல?"

"...கேக்கணும்."

"நான் சொல்லப் போறதையும், மறைக்கிறதுக்கு மின்ன யாராச்சும் ஒக்காந்து படிக்கணும்ல? ஒன்னைய மாதிரி ஒரு புள்ள. கதவச் சாத்திக்கிட்டு."

"படிக்கணும்தான்."

சஃபா கையைக் கழுவினாள். முந்தானையில் துடைத்துக்கொண்டு, இத்தா தொடங்கிய நாளிலிருந்து முதல் தடவையாக நஸீஹாவை நேருக்கு நேர் பார்த்தாள்.

"அவ சிரிக்க மாட்டான்னு நீ ஒரு வார்த்த சொல்லு நஸீ. நாளைக்கு அந்த வக்கீலக் கூப்புட்டு நான் அம்புட்டையும் சொல்லிர்றேன்."